‘காணப்படவில்லை’ என்று நான் எழுதிய கடிதம்

போன புரட்டாசி மாதம் நடந்தது இது. தாமிரபரணிக் கரையோரம் இருக்கும் ஒரு தாலுகா அலுவலகத்தில் நான் பதிவறை எழுத்தராக வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் யார் இதைப் படித்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதுவே போதும்.

பழைய கணக்குகளைத் தேடி எடுத்து நகல் கொடுப்பது என் வேலை. பட்டாத் தகராறு, பாகப் பிரிவினை, கோர்ட்டு வழக்கு என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து வரிக் கணக்குகளும் எங்களிடம் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. புள்ளி வைக்காமல், ஒரு எழுத்தின் வாலை அடுத்த எழுத்தின் தலையில் கட்டி, தமிழ் எண்களில் எழுதியவை. அவற்றைத் தடங்கலில்லாமல் வாசிக்க எங்கள் அலுவலகத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கூடவே பதற்றமும் உண்டு. பஸ் ஏறிய பிறகு, கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று மாமியாருக்கு இரண்டு தடவை போன் போடுகிற ஆள் நான். இந்த இரண்டும் ஒரே உடம்பில் எப்படிக் குடியிருக்கின்றன என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்த அக்கா ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த நூல் சேலை, மடிப்புக் கலையவில்லை. பக்கத்துக் கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக ஊர்த் துணி வெளுக்கிற குடும்பம். கால்வாயின் கீழ்க்கரையில் அவர்களுக்கு மொத்தம் பதினொரு வீடுகள். அத்தனை வீட்டுக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. ஆற்றுப் புறம்போக்கை ஆக்கிரமித்திருக்கிறீர்கள், காலி செய்யுங்கள், ஆட்சேபணை இருந்தால் தாலுகா அலுவலகப் பதிலோடு கோட்டாட்சியர் விசாரணையில் வந்து சொல்லுங்கள் என்று. விசாரணைக்குச் சரியாகப் பதினாறு நாள் இருந்தது.

யாரோ ஒரு வக்கீல் அவர்களுக்கு வழி சொல்லி அனுப்பியிருந்தார். நிலத்தை அளந்து வகை பிரித்த காலத்துக்கு முன்னாலேயே அங்கே வீடுகள் இருந்தன என்று ஒரு பழைய காகிதம் கிடைத்தால், அது நத்தம், அதாவது குடியிருப்பு நிலம், என்று வாதாடலாம். கிடைக்காவிட்டால் புறம்போக்குதான். ஜேசிபி வரும்.

“மேடம், எங்க மாமனாருக்கு அப்பா காலத்துக்கும் முன்னால இருந்து அங்கனதான் இருக்கோம். அவிய வெள்ளாவி வச்ச அடுப்பு இன்னும் கெடக்கு. எழுத்துல இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். என் கையில் சிக்காத எழுத்து எது என்ற நினைப்பு.

அந்தக் கிராமத்தின் பழைய வீட்டு வரிக் கணக்கை எடுத்தேன். வீட்டுக்கு, தறிக்கு, கடைக்கு என்று தனித்தனியாக வரி போட்ட காலம் அது. தெருத் தெருவாக எழுதியிருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர், தகப்பன் பெயர், ஓட்டு வீடா கூரை வீடா, தறி எத்தனை, கடை உண்டா, வரி எவ்வளவு. கோயில் தெருவில் பிள்ளைமார் வீடுகள் வரிசையாக வந்தன. பள்ளிவாசல் தெருவில் வீட்டுக்கு வீடு தறியை எண்ணியிருந்தார்கள். ஒரு வீட்டில் உடைந்து கிடந்த தறியைக்கூட விடவில்லை, ‘உடைந்தது’ என்று குறிப்பெழுதி எண்ணியிருந்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். கால்வாய்க் கீழ்க்கரை என்று ஒரு வரி இல்லை.

பதில் கடிதம் எழுதினேன். “பழைய வீட்டு வரிக் கணக்குகள் முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டதில், மேற்படி இடத்தில் குடியிருப்பு இருந்ததாக எந்தப் பதிவும் காணப்படவில்லை.” அந்த ‘முழுமையாக’ நான் சேர்த்தது. அது இல்லாவிட்டால் கடிதம் கொஞ்சம் மொட்டையாக இருப்பதுபோல் பட்டது. ஓரத்தில் என் சுருக்கொப்பம், கீழே தாசில்தார் கையெழுத்து, முத்திரை.

கடிதத்தை வாங்க வந்த அன்று அந்த அக்கா நின்றுகொண்டே விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

“வரி கட்டுனவிய கணக்குலயா தேடுனிய?”

“ஆமாக்கா. அதுதான இருக்கு.”

“எங்கள்ட்ட யாரு வரி கேட்டா? ஊருக்கு வெளுக்குத வீட்டுல சர்க்கார் வரி கேக்காதுன்னு எங்க மாமனார் சொல்லுவாவ.”

“வரி கட்டலன்னா கணக்குல எப்படிக்கா வரும்?”

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டல் சொல்லித் தருகிற குரலில் அதைச் சொன்னேன். அவர் கடிதத்தை நாலாக மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, “சரி மேடம்” என்று போய்விட்டார். அடுத்து டீ வந்தது. குடித்தேன். எனக்கு அன்று ஒரு உறுத்தலும் இல்லை என்பதைச் சொன்னால்தான் இந்தக் கதை உண்மைக் கதை.

விசாரணை ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின நாள் மத்தியானம் தலைமை எழுத்தர் என்னை ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னார். மழையில் பயிர் போன விவசாயிகளுக்குத் தண்ணீர்த் தீர்வை தள்ளுபடி. நாங்கள் பதிவறைக்காரர்கள் என்றாலும் ஆள் பற்றாக்குறையில் எல்லா வேலையும் எங்கள் தலையில் வந்து விழும். நான் சர்வே எண்ணை மட்டும் போட்டுக்கொண்டு வேகமாகப் போனதைப் பார்த்து அவர் தடுத்தார்.

“ஏம்மா, பேரு, சர்வே நம்பர், எதுக்காகத் தள்ளுபடி, எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதணும். வாங்குன காசுக்கு ஒரு ரசீது போதும். விட்ட காசுக்குத்தான் ஆடிட்காரன் ஆயிரம் கேள்வி கேப்பான்.”

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டு போய்விட்டார். என் பேனா அப்படியே நின்றுவிட்டது.

வரியை விட்டால் யாருக்கு விட்டோம் என்று எழுதியாக வேண்டும். இன்றைக்கே இப்படி என்றால் வெள்ளைக்காரன் சும்மா விட்டிருப்பானா? உடைந்த தறியை எண்ணினவன், நாலு வீட்டுக்கு வரி இல்லை என்று விட்டுவிட்டு ஒரு சொல் எழுதாமல் போயிருப்பானா? அந்தப் பழைய கணக்கின் கடைசிப் பக்கம் கண் முன்னால் வந்தது. அங்கே மூன்று வரியில் கூட்டல் இருந்தது. மொத்த வீடு இத்தனை. வஜா இத்தனை. நின்றது இத்தனை. வஜா என்றால் தள்ளுபடி, பழைய வருவாய்த் துறைச் சொல். அதற்குப் பக்கத்திலேயே பொடியாக ‘விவரம் தனிக் கட்டில்’, அதாவது வேறு ஒரு காகிதக் கட்டில், என்றும் எழுதியிருந்தது. அதை நான் வாசித்திருந்தேன். இரண்டு தடவை வாசித்திருந்தேன். பெயரைத் தேடிப் போன கண்ணுக்கு அந்த வரி ஒரு பொருட்டாகவே படவில்லை.

மணி மூன்று. மறுநாள் காலை பதினொரு மணிக்கு விசாரணை. பதினொரு குடும்பம் என் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, தங்கள் வாயாலேயே தங்கள் வீட்டை இடிக்கச் சொல்லப் போகிறார்கள்.

பதிவறைக்கு ஓடினேன். அங்கே உதவியாளராக இருக்கிற அண்ணாச்சிக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம்தான் பாக்கி.

“அண்ணாச்சி, வீட்டு வரி வஜா கட்டு எங்க இருக்கு?”

“வஜா கட்டா? நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து அத ஒருத்தரும் கேட்டதில்லையே. எல்லாவனும் வரி கட்டுன கணக்கத்தான கேக்குதான்.”

இருவரும் தேடினோம். மணிமுத்தாறு, பாபநாசம் அணைகள் சேர்ந்து திறந்து, ஆறு ஊருக்குள் வந்த அந்தப் பெருமழையில் எங்கள் பதிவறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கட்டுகளையெல்லாம் அள்ளி மாடியில் காயப்போட்டு, கிடைத்த கயிற்றில் கட்டி, கிடைத்த இடத்தில் அடுக்கினோம். அப்போதிருந்து எங்கள் அறையில் எது எங்கே இருக்கிறது என்பது கடவுளுக்கும் அண்ணாச்சிக்கும்தான் தெரியும். அன்று அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. ஆறு மணி வரை தேடினோம். தூசி ஏறித் தும்மித் தும்மி எனக்குக் கண் சிவந்துவிட்டது. கட்டு கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் முன் மனுவில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அந்த அக்காதான் எடுத்தார். என் கடிதம் தப்பு, அதை நாளைக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் போன் போட்டேன். ஆனால் வாயில் வந்தது வேறு. “நாளைக்கு விசாரணைக்குப் போறியளாக்கா?” என்று கேட்டேன்.

“போவாம எப்படி? போய் நிக்கணும்லா” என்றார்.

“சரிக்கா” என்று வைத்துவிட்டேன். கட்டு கிடைக்காவிட்டால் என்ன சொல்வது? இருக்கலாம், ஆனால் காட்ட முடியாது என்றா? அது ஒரு காரணம். தப்பை ஒப்புக்கொள்ளப் பயம் என்பதுதான் மெய்யான காரணம். எனக்கு அந்த வருடம் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. தவறான சான்று கொடுத்தால் பதினேழு பி, அதாவது ஒழுங்கு நடவடிக்கை. எங்கள் ஆட்களுக்கு அந்த எண்ணைக் கேட்டாலே சோறு இறங்காது. எனக்கும் அன்று இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

காலையில் ஏழரை மணிக்கு அண்ணாச்சி போன் செய்தார். “யம்மா, எனக்கு ஒரு சந்தேகம். வெள்ளத்துக்குப் பொறவு அழிக்கதுக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டமே, அதுல போயிருக்குமோ?”

அந்தப் பட்டியலைப் போட்டவள் நான். அடுப்பில் தோசை இருந்தது. மாமியாரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தபோது என் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. ‘பழைய வீட்டு வரி வஜா விவரம், ஒரு கட்டு. ஈரம்பட்டது. பயன்பாடு இல்லை.’ அதற்கு நேராக ஒரு டிக். யாரும் கேட்காதது யாருக்கும் வேண்டாதது என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன். அழிக்க வேண்டிய கட்டுகளெல்லாம் சாக்கில் மூட்டை கட்டி ஜீப் நிறுத்துகிற கொட்டகையில் கிடந்தன. ஏலம் எடுத்தவரின் லாரி முந்தின வாரமே வந்திருக்க வேண்டியது. ஏதோ ஒரு ஒப்பம் வராததால் தள்ளிப் போயிருந்தது. அரசாங்க வேலை தாமதமாவதைப் பற்றி இந்த ஜென்மத்தில் இனி நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்பது மூட்டைகள். அண்ணாச்சி சாக்கின் தையலைப் பிரிக்கப் பிரிக்க நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் புரட்டினேன். ஒரு மூட்டையில் எலி குட்டி போட்டிருந்தது. இன்னொன்றில் கரையான். ஒவ்வொன்றைத் திறக்கும்போதும், தேடுகிற கட்டு இதற்குள் கிடந்து கரையான் தின்றிருந்தால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. ஏழாவது மூட்டையில் கிடைத்தது. தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்திருந்தன.

“பையம்மா, பைய. கிழிச்சிராத” என்றார் அண்ணாச்சி. நகத்தால் ஓரத்தைப் பிரித்தேன்.

அந்தப் பக்கங்களை என்னால் மறக்கவே முடியாது. வரிக் கணக்கில் நான் பார்த்த ஊர் வேறு, இது வேறு. கண் தெரியாதவர், ஒரு வீடு. பிள்ளையில்லாத விதவை, ஒரு வீடு. மடை திறந்து அடைக்கிறவர். தண்ணீர்ப் பந்தல் வைத்திருப்பவர். பள்ளிவாசலில் விளக்கேற்றுகிறவர். பிணம் எரிக்கிறவர். தலையாரி. வரிக் கணக்கில் பெண் பெயர் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே பக்கத்துக்குப் பக்கம் பெண்கள் இருந்தார்கள், எல்லோரும் வரி கொடுக்க வக்கில்லாதவர்களாக. காசு கொடுத்தவர்களுக்குத் தகப்பன் பெயரும் சேர்த்து எழுதின அதே கணக்குப்பிள்ளை, இவர்களுக்கு ஒற்றைப் பெயரோடு நிறுத்தியிருந்தார். ஆனாலும் எழுதியிருந்தார். கழிப்பதற்காகவாவது எண்ணியிருந்தார்.

நடுவில் ஒரு பக்கத்தில் வந்தது. ‘கால்வாய்க் கீழ்க்கரை. ஊருக்குத் துணி வெளுக்கிற குடி. வீடு நாலு. ஊர் ஊழியம் செய்கிறபடியால் வஜா.’ கீழே நாலு பெயர்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சி பார்க்கிறாரே என்று தும்முவதுபோல் பாவனை செய்தேன். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

மணி ஒன்பதே முக்கால். தலைமை எழுத்தர் அப்போதுதான் வந்து ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். தாசில்தார் முகாமில் இருந்தார், மத்தியானம்தான் வருவார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டைத் தொடக்கூட இல்லை.

“ஏம்மா, போன கடிதத்துல இல்லன்னு எழுதுனது நீ. இப்பம் இருக்குங்க. ரெண்டுல எது பொய்னு கேக்க மாட்டாவளா? அதும் அழிக்கப் போட்ட மூட்டையில இருந்து எடுத்துருக்க. அழிக்கச் சொன்னது யாருன்னு அடுத்த கேள்வி வரும். போன கடிதம் போனதாவே இருக்கட்டும். அவிய வேணும்னா அப்பீல் போட்டுக்கிடுவாவ.”

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார். அந்தப் பட்டியலில் என் ஒப்பத்துக்குக் கீழே அவர் ஒப்பமும் இருந்தது. அவர் சொன்னதில் எனக்கு ஒரு நிமிடம் ஆசைகூட வந்தது. மூட்டையைத் திரும்பத் தைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நிமிடம் இருந்தது.

அப்போது அண்ணாச்சி, “சார், அப்பீல் போடுத வரைக்கும் ஜேசிபி நிக்குமா?” என்று கேட்டார். அவர் அப்படியெல்லாம் எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல.

தலைமை எழுத்தர் ஸ்கூட்டர் சாவியைத் திருகினார். “உமக்கென்ன வே, ஆறு மாசத்துல போயிருவீரு” என்றார். பிறகு உள்ளே போய், ஆவணம் வெளியே போகும்போது எழுதுகிற பதிவேட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். “எழுதிட்டுக் கொண்டு போ. நகலுக்கு இப்பம் நேரமில்ல, அசலையே காட்டு. நான் அனுப்புனேன்னு சொல்லாத.” நான் வாசல் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது. “சரி, கேட்டா சொல்லு!”

கோட்டாட்சியர் அலுவலகம் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பஸ்ஸை நம்ப முடியாது என்று ஆட்டோ பிடித்தேன். பாதி வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. செங்கோட்டைப் பக்கம் போகிற வண்டிக்காக. ரயில் வருகிற அறிகுறியே இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. கட்டை என் துப்பட்டாவில் சுற்றி, அதன்மேல் ஆட்டோக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, பச்சைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல் மடியில் வைத்திருந்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற லாரிகளை எண்ணினேன். கைப்பேசியில் மணி பார்த்தேன். திரும்ப லாரிகளை எண்ணினேன். பத்து ஐம்பதுக்கு ரயில் போனது.

நான் போய்ச் சேரும்போது பதினொன்று இருபது. விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சு காலியாக இருந்தது. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். கதவுத் திரையை விலக்கினேன். உள்ளே அந்த அக்காவும் அவர்கள் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேரும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். அதிகாரியின் கையில் என் கடிதம் இருந்தது. அந்த முத்திரையைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது.

“உங்கள் தாலுகாவே பதிவு இல்லை என்று எழுதியிருக்கிறதே, பிறகு நான் என்னம்மா செய்ய?” என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. அலுப்பாக.

“சார், அது நான் எழுதியது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலை நனைந்து, துப்பட்டா இல்லாமல், சாக்குத் தூசியும் மழையும் குழைந்த கையோடு நான் நின்ற கோலம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அவர் கடிதத்தை என் பக்கம் திருப்பினார். “முழுமையாகப் பரிசீலித்ததாக எழுதியிருக்கிறதே?”

“முழுமையாக இல்லை சார். வரி கட்டினவர்களை மட்டும்தான் பார்த்தேன்.”

நான் கட்டைப் பிரித்து மேசையில் வைத்தேன். அவருக்கு அந்த எழுத்து பிடிபடவில்லை. என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கீழ்க்கரை, வீடு நாலு, ஊர் ஊழியம், வஜா. பிறகு அந்த நாலு பெயர்கள். மூன்றாவது பெயரை வாசித்தபோது சுவரோரத்தில் ஒரு சலசலப்பு. அந்த அக்கா ஒரு ஆளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

“இந்தா, எங்க கொழுந்தனார். இவருக்கும் அதே பேருதான். பேரனுக்குத் தாத்தா பேரு விடுவோம்லா, அப்படியே வந்த பேரு.”

அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார். அதிகாரி, அந்த இடத்தைத் திரும்ப அளந்து நத்தமா புறம்போக்கா என்று அறிக்கை வரும் வரை வீடுகளைத் தொடக் கூடாது என்று எழுதினார். அசல் கட்டைப் பாதுகாப்பில் வைக்கச் சொல்லித் தனியாக ஒரு உத்தரவு. என்னிடம் விளக்கம் கேட்டு இன்னொன்று. என் கடிதத்தின் நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டு அசலை அந்த அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வராந்தாவில் அந்தப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி எனக்குத் தலை துவட்டத் தன் முந்தானையை நீட்டினாள். நன்றி சொல்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. எதற்கு நன்றி? நான் பறித்ததை நானே திருப்பிக் கொடுத்ததற்கா? அந்த அக்கா மட்டும் தள்ளி நின்று என் கடிதத்தை முன்போலவே நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அதை என்கிட்ட குடுத்திருங்க. இனிமே அது வேண்டாம்லா. புதுசா சரியா எழுதி முத்திரை வச்சுத் தாரேன்” என்றேன். அந்தக் காகிதம் என் கண் முன்னால் கிழிய வேண்டும் என்று அவ்வளவு தவிப்பாக இருந்தது.

அவர் மடித்ததை மஞ்சப்பைக்குள் வைத்தார்.

“புதுசும் தாங்க மேடம். இதும் இருக்கட்டும். உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல, தப்பா நெனைக்காதிய. நாளைக்கு நீங்களும் இருக்க மாட்டிய, நானும் இருக்க மாட்டேன். வேற ஒருத்தவ வந்து எங்க பிள்ளையள்ட்ட எழுத்துல இல்லன்னு சொல்லுவாவ. அப்பம் இத எடுத்துக் காட்டணும்லா. முன்னாலயும் இப்படித்தான் இல்லன்னு எழுதுனாவ, பொறவு இருந்துச்சுன்னு.”

மழை விட்டதும் அவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

நில அளவர்கள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. பதினொரு வீடும் நிற்கின்றன. எனக்கு மெமோ வந்தது, பதவி உயர்வு தள்ளிப் போயிருக்கிறது, பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் யாருக்காவது இல்லை என்று எழுத வேண்டி வந்தால், எந்தெந்தக் கட்டில் தேடினேன், எதையெதைத் தேடவில்லை என்று கீழே எழுதிவிடுகிறேன். கடிதம் நீண்டுபோகிறது என்று தலைமை எழுத்தர் முனகுவார், ஆனாலும் ஒப்பம் வைக்கிறார். இருபது வருட வேலையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ நல்ல நகல் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதில் ஒன்றையாவது யாராவது பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் தப்பாக எழுதிய அந்த ஒரு கடிதம் மட்டும் ஒரு வீட்டில் தலைமுறைக்கும் பத்திரமாக இருக்கப் போகிறது. அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று எனக்கும் இப்போது தோன்றுகிறது.